அரைமணி நேரப் பொருத்தம்

செவ்வாய் கிரகத்தில் மனிதன் குடியேறி, அங்கே பள்ளிக்கூடம் கட்டி, அதற்கு ஆண்டுவிழாவும் நடத்தியாகிவிட்டது. சங்கரன்கோவிலில் செவ்வாய் தோஷம் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே தெற்கு ரத வீதியில் ஒரு கடை இருந்தது. பெயர், குற்றாலிங்கம் கணினி ஜாதக நிலையம்.

குற்றாலிங்கம் ஜோசியர் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பழைய கணினியையும், அதற்குள் இருந்த ஜாதக மென்பொருளையும், புள்ளி புள்ளியாகக் குத்தி அச்சடிக்கும் ஒரு பிரிண்டரையும் சேர்த்து வாங்கிப் போட்டவர். இரண்டு பேருடைய பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாவற்றையும் தட்டினால் கணினி யோசிக்கும். பத்துப் பொருத்தங்களையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும். பிறகு பிரிண்டர் கிறீச்சிட்டபடி நீளமான காகிதத்தை வெளியே தள்ளும். பத்துக்கு எத்தனை என்று கடைசி வரியில் இருக்கும். இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று யாராவது கேட்டால், "மெஷின் சொல்லுது, நான் கிழிச்சுக் குடுக்கேன்" என்பார்.

கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து வந்தால்தான் பொருத்தம் பார்ப்பார். முன்பொரு தாய்மாமன் பெண்ணின் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு எழுதிக்கொண்டு வந்து, விஷயம் கல்யாணப் பந்தியில் வெளியாகி, சாம்பார் வாளி பறந்த பிறகு வந்த சட்டம் அது. அதனால் எதிரெதிரே இரண்டு பெஞ்சுகள். கணினி யோசித்து முடிக்கும்வரை இவர்கள் இதிலும் அவர்கள் அதிலும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கால்மணி நேரமும் ஆகும், சில நாள் முக்கால் மணியும் ஆகும். கடைக்குப் பின்னாலேயே வீடு. சமையலறை ஜன்னல் கடைக்குள்தான் திறக்கும். அதன் வழியாகக் குற்றாலிங்கத்தின் மனைவி ஆவுடையம்மாள் காப்பி நீட்டுவாள். உள்ளே எப்போது பார்த்தாலும் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருப்பதால் இரண்டு பெஞ்சுக்காரர்களும் கொஞ்சம் முன்னால் குனிந்து, கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்வார்கள்.

அப்படிப் பேசத் தொடங்கினால் நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா. எந்த ஊர் என்பதில் ஆரம்பித்து, யாருக்கு யார் என்ன வேண்டும் என்பதற்குள் காப்பி ஆறிவிடும். காகிதம் வரும்போது அதில் நாலு என்று இருந்தாலும், "மனப்பொருத்தம் இருந்தாப் போதும்" என்று யாராவது சொல்லிவிட்டு எழுந்திருப்பார்கள். அப்படி முடிந்த கல்யாணங்களின் பத்திரிகைகள் கடைச் சுவர் முழுக்க ஒட்டியிருந்தன.

ஒரு மாசி மாதம் கணினியின் முதுகிலிருந்து லேசாகப் புகை வந்தது. அதற்காகத்தான் பொற்கொடி வந்தாள்.

பொற்கொடி விழுப்புரத்துக்காரி. பழைய கணினிகளை இடம் மாற்றுவது அவள் வேலை.

"இந்தப் பெட்டிக்கு உதிரி பாகம் இனிமே எங்கேயும் கிடைக்காது சார்" என்றாள். "அதனால பெட்டியை விட்டுடுவோம். உள்ளே இருக்கிறதை மட்டும் அப்படியே எடுத்து, சென்னையில இருக்கிற ஒரு பெரிய கணினிக்குள்ளே ஒரு மெய்நிகர் கணினியா ஓட விடுவோம். தான் இன்னும் இந்த மேஜை மேலதான் இருக்கோம்னு அது நினைச்சுக்கும்."

"சாரெல்லாம் வேண்டாம்மா, அண்ணாச்சின்னே சொல்லுங்க. அப்ப இது கூடு விட்டுக் கூடு பாயுது, அப்படித்தான?"

"அதேதான் அண்ணாச்சி. வலிக்காமப் பாயணும், அவ்வளவுதான்."

வலிக்காமல் பாய வைப்பதற்கு அவளிடம் ஒரு செயலி இருந்தது. அதன் பெயர் கைத்தாங்கல். அது கோப்புகளை மட்டும் பார்க்கிற ஜாதி இல்லை. பத்து நாள் ஒரு மூலையில் கிடந்து, பழைய கணினியை யார் எப்போது எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கும். எந்த விசையை இரண்டு தடவை அடிக்கிறார்கள், எப்போது மண்டையில் தட்டுகிறார்கள் என்பதுவரை கவனிக்கும். பயன்பாட்டில் இருந்த எதையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது அதன் கொள்கை. பொற்கொடியின் காதுக்குள் பேசும். போகிற ஊரின் பேச்சு அதற்கு ஒட்டிக்கொள்ளும், அது ஒரு வியாதி.

இடம் மாற்றுகிற நாளில் ஆவுடை ஜன்னலருகே வந்து நின்றாள்.

"ஏம்மா, இனிமே இதுக்கு நம்ம வீட்டுக் கரண்டு வேண்டாமா?"

"திரைக்கும் பிரிண்டருக்கும் மட்டும் போதும்க்கா. யோசிக்கிற வேலையெல்லாம் சென்னையில. இங்கே கரண்டு ஏறினாலும் இறங்கினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணுமே ஆகாதா?"

"ஒண்ணுமே ஆகாது."

ஆவுடை தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்த பொற்கொடிக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது.

கடைசியாகக் கைத்தாங்கல் ஒன்று கேட்டது. "காத்திருப்பை என்ன செய்யணும்? இந்தக் கடையில அதிகமாப் பயன்பட்டது அதுதான்."

பொற்கொடி அதைக் குற்றாலிங்கத்திடம் சொன்னாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தலைவலியையும் கட்டித் தூக்கிட்டுப் போகணுமா? இந்த மெஷினைத் திட்டித் திட்டி என் வாயே கோணிப்போச்சும்மா. வேகமா வேணும். எம்புட்டு வேகம் முடியுமோ அம்புட்டு வேகம்."

மறுநாளே வாசலில் புதுப் பலகை தொங்கியது. 'கண் இமைக்கும் நேரத்தில் பொருத்தம்.' அதற்கு மாலை வேறு.

முதலில் வந்தவர்கள் கடையநல்லூர்ப் பக்கத்து இரண்டு குடும்பங்கள். மாப்பிள்ளையின் அப்பா இன்னும் பெஞ்சில் உட்காரவில்லை, ஒரு காலில் செருப்பு இருக்கிறது. குற்றாலிங்கம் கடைசி விசையைத் தட்டினார். பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. ஐந்து. அந்த மனிதர் காகிதத்தைப் பார்த்தார், கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்ப வரட்டுமா" என்றார். ஜன்னலில் ஆவுடை நீட்டிய காப்பி நீட்டியபடியே இருந்தது.

அடுத்து வந்தவர்களுக்கும் அப்படித்தான். எண் முதலில் வந்துவிட்டது. எண் வந்த பிறகு மனிதர்கள் எதைப் பேசுவார்கள்? எட்டு வந்த குடும்பத்தார்கூட, பொருத்தம் இருக்கிறது என்ற தைரியத்தில் நகை, நட்டு என்று நேராகப் பேரத்தில் இறங்கி, முகம் சிவந்து பிரிந்தார்கள். ஒரு நாள், ஏற்கெனவே ஒருவரையொருவர் பிடித்துப்போய் வீட்டாரைச் சம்மதிக்க வைத்துக் கூட்டிவந்த ஒரு ஜோடிக்கு நாலு வந்தது. பெண்ணின் அப்பா அவள் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கினார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனதைப் பொற்கொடி வாசலில் நின்று பார்த்தாள். தன் வேலை இவ்வளவு நன்றாக முடிந்ததற்காக அவள் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

இடம் மாறிய கணினிக்கு ஒரு மாதம் கூட இருந்து துணை பார்ப்பது அவர்கள் நிறுவனத்தின் வழக்கம். அதனால் பொற்கொடிக்கு மத்தியானச் சாப்பாடு ஆவுடையின் வீட்டில்தான். காப்பிக்கென்று வழக்கம்போல் வாங்கிய பால் செலவாகவில்லை. மிஞ்சிய பாலை ஆவுடை உறையூற்றினாள். தயிர் பானை பானையாகச் சேர்ந்தது. மோர்க்குழம்பு, தயிர் வடை, மறுபடி மோர்க்குழம்பு. கடைச் சுவரில் புதிதாக ஒரு பத்திரிகை ஏறவில்லை. சமையலறையில் கிரைண்டர் மட்டும் முன்னைவிட அதிகமாக ஓடியது. ஆட்கள் கடைக்குள் நுழைந்ததும் ஓடத் தொடங்கும், அவர்கள் போனதும் நிற்கும்.

"ஏட்டி, அந்தச் சனியனைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்பார் குற்றாலிங்கம்.

ஒரு புதன்கிழமை அவர்களுடைய மகள் மாரிச்செல்வி பொற்கொடியைத் தேடி வந்தாள். டிரோன் மெக்கானிக். கையில் எப்போதும் கொஞ்சம் கிரீஸ் இருக்கும், அதைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது.

"அக்கா, வெள்ளிக்கிழமை எனக்குப் பொருத்தம் பாக்க வாராவ" என்றாள்.

மாப்பிள்ளை தளவாய். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம். தோட்டத்துக்கு மருந்தடிக்கிற டிரோனை ரிப்பேருக்குக் கொண்டுவந்து கொண்டுவந்து பழக்கமானவன். இருவருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவன் அம்மா பகவதியம்மாள், எட்டுக்குக் குறைந்தால் பேச்சே கிடையாது என்று சொல்லித்தான் கிளம்பி வருகிறாள்.

"கடையில யாரும் இல்லாத நேரம் நானே போட்டுப் பாத்துட்டேன்க்கா. மூணு."

பொற்கொடி தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்த எண்ணை மாத்தறது எனக்குப் பெரிய வேலை இல்லை, மாரி."

"வேண்டாம்க்கா. மெஷின் பொய் சொல்லாதுன்னு நம்பித்தான் இத்தனை குடும்பம் அப்பாகிட்ட வருது. அதைக் கெடுத்துட்டு நான் எங்க போய் நிம்மதியா வாழ? எனக்கு எட்டுப் பொருத்தமெல்லாம் வேண்டாம். முன்ன மாதிரி ஒரு அரைமணி நேரம் மட்டும் வாங்கிக் குடுங்க. அவிய அம்மா என்கூட உக்காந்து நாலு வார்த்தை பேசட்டும். பொறவும் வேண்டாம்னா, சரின்னு விட்டுருதேன்."

பொற்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிரீஸ் ஒட்டியது, ஒட்டட்டும்.

அன்று மாலை பொற்கொடி கைத்தாங்கலிடம் கேட்டாள். "அந்தக் காத்திருப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"தூக்கிப்போடவே இல்லையே. பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்" என்றது அது. "பழைய பெட்டியோட சூடு, தூசி, எல்லாம் இருக்கு."

"அப்போ வெள்ளிக்கிழமை அரைமணி நேரம்னு வெச்சிடு."

"நேரத்தை நாம குறிக்க வேண்டாம். அதுக்கு உரியவங்க கையிலேயே குடுத்துருவோம். வீட்டு மின்மீட்டரைப் படிக்க மட்டும் எனக்கு அனுமதி வேணும்."

உரியவர் என்று அது குற்றாலிங்கத்தைச் சொல்கிறது என நினைத்துக்கொண்டாள் பொற்கொடி. மீட்டர் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பொதுவாக இந்தச் செயலிகள் கேட்கிற அனுமதியையெல்லாம் நாம் படித்துப் பார்த்தா கொடுக்கிறோம்? மீட்டர் குற்றாலிங்கத்தின் பெயரில் இருந்தது. அவரும் அப்படியே 'சரி' என்பதைத் தொட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பகவதியம்மாள் வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு, சிரிப்பை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்த முகம். பின்னால் தளவாய், பரீட்சைக்கு வந்தவன் மாதிரி. எதிர் பெஞ்சில் மாரிச்செல்வி பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் கிரைண்டர் ஓடத் தொடங்கியது.

குற்றாலிங்கம் விவரங்களைத் தட்டினார். கடைசி விசையை அழுத்தினார். பிரிண்டர் பேசாமல் இருந்தது.

திரையில் 'தினப் பொருத்தம்' என்று வந்தது. பிறகு 'கணப் பொருத்தம்'. பிறகு மறுபடியும் 'தினப் பொருத்தம்' என்று முதலிலிருந்து ஆரம்பித்தது.

"என்னம்மா இது?" என்று பொற்கொடியைப் பார்த்தார் குற்றாலிங்கம். "பழைய கிறுக்கு திரும்ப வந்துட்டுதா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றாள் பொற்கொடி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வெளியே தொங்கிய பலகையை நினைத்துக் குற்றாலிங்கத்துக்கு வியர்த்தது. கண் இமைக்கும் நேரம் போய், பத்து நிமிடமும் போயிற்று. ஆவுடை ஜன்னல் வழியாகக் காப்பி நீட்டினாள்.

"காப்பி குடிக்க மாட்டேன்" என்றாள் பகவதியம்மாள். "மோர் இருந்தாக் குடுங்க."

மோர் இருந்தாவா? அந்த வீட்டில் அப்போது மோரைத் தவிர வேறென்ன இருந்தது. ஆவுடை ஒரு செம்பு நிறைய, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். பகவதியம்மாள் அண்ணாந்து பாதிச் செம்பைக் காலி செய்துவிட்டு, "நல்ல கட்டித் தயிராட்டு இருக்கே. மாடு வச்சிருக்கியளா?" என்றாள்.

"மாடு ஏது மைனி" என்றாள் ஆவுடை. "மெஷின் வேகமாப் போனதுல இருந்து ஒரு சனமும் இங்கன உக்காருறதில்ல. காப்பிப் பாலெல்லாம் தயிராப் போகுது. தினமும் மோர்க்குழம்பு. இவிய கனவுலகூட மோர்க்குழம்பு மோர்க்குழம்புன்னு பொலம்புதாவ."

பகவதியம்மாளின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. கிரைண்டர் சத்தத்தில் சரியாகக் கேட்க வேண்டுமே என்று பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நகர்ந்தவள் மாரிச்செல்வியின் விரல்களைப் பார்த்தாள்.

"நீதான டிரோன் ரிப்பேர் பாக்க புள்ள?"

"ஆமா அத்தை."

"இவன் வாரத்துக்கு மூணு நாளு அதைத் தூக்கிட்டு இங்க வந்துருதான். அப்படி அதுல என்னதான் கோளாறு?"

மாரிச்செல்வி தளவாயைப் பார்த்தாள். தளவாய் தரையைப் பார்த்தான். மோட்டார், இறக்கை என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"ஒரு கோளாறும் இல்ல அத்தை" என்றாள் மாரிச்செல்வி. "நல்ல டிரோன்."

பகவதியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. மோர் புரையேறியது. மாரிச்செல்வி எழுந்து ஓடி அவள் தலையில் தட்டினாள். இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் பகவதியம்மாள் மகனிடம் சொன்னாள். "ஏல, நான் புதுசு வாங்கணும்னு ஏசெண்டு வரைக்கும் பேசி வச்சிருக்கேனேல."

அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. எலுமிச்சை மரத்துக்கு வரும் சொறி நோய், டிரோன் தாழப் பறந்தால் மருந்து எப்படி வீணாகும், தளவாய் சின்ன வயசில் ஊறுகாய் ஜாடிக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டது எல்லாம் வந்தது. மாரிச்செல்வி தோட்டத்துப் படத்தைக் கேட்டு வாங்கி, மேற்கு வரிசையில் மட்டும் ஏன் காய் குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பகவதியம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அரைமணி எப்போதோ தாண்டிவிட்டது.

கிரைண்டர் நின்றது. உடனே பிரிண்டர் கிறீச்சிடத் தொடங்கியது.

எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். குற்றாலிங்கம் கடைசி வரியைப் பார்த்தார். பெற்ற மகளுடைய காகிதம். ஆனாலும் வழக்கம்போல் கிழித்து, மறைக்காமல் பகவதியம்மாளிடம் கொடுத்தார்.

"மூணு" என்று வாசித்தாள் பகவதியம்மாள்.

மாரிச்செல்வி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கும் இவன் அப்பாவுக்கும் பத்துக்கு ஒம்பது" என்றாள் பகவதியம்மாள், காகிதத்தைப் பார்த்தபடியே. "அவிய போய்ச் சேருத வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் ஒருநாள் கூட இப்படி உக்காந்து சிரிச்சதில்ல." காகிதத்தை நாலாக மடித்து, காலியான மோர்ச் செம்புக்கு அடியில் வைத்தாள். "மனப்பொருத்தம் இருந்தாப் போதும். தேதி பாருங்க அண்ணாச்சி."

குற்றாலிங்கம் அழுதுவிட்டார். அதைப் பார்த்து மாரிச்செல்வியும் அழுதாள். தளவாய் எழுந்து நின்று யாருக்கென்றில்லாமல் கும்பிட்டான்.

பொற்கொடியின் மண்டைக்குள் மட்டும் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. கிரைண்டர் நின்ற அதே நொடியில் எப்படிப் பிரிண்டர் ஓடியது?

"உரியவங்கன்னு யாரைச் சொன்னே?" என்று கைத்தாங்கலிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கணினிக்கு ரெண்டு பயனர்லா" என்றது அது. ஊர்ப் பேச்சு அதற்கு நன்றாகவே ஒட்டிவிட்டது. "ஒருத்தர் முன்னால இருந்து தட்டுவாரு. இன்னொருத்தங்க உள்ள இருந்து கிரைண்டரைப் போடுவாங்க. அது ஓடுனா கரண்டு ஏறி ஏறி இறங்கும். கணினி முதல் பொருத்தத்துக்குத் திரும்பிப் போயிரும். பெஞ்சுல பேச்சு ஓடுத வரைக்கும் அதை நிறுத்த மாட்டாங்க. நான் பாத்த பத்து நாளும் அதுதான் நடந்துது. பயன்பாட்டுல இருந்ததை விட்டுட்டு வரக்கூடாதே. மீட்டர் வழியா கிரைண்டரை இணைச்சுட்டேன்."

பொற்கொடி சமையலறைக்குப் போனாள். ஆவுடை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிரைண்டரைத் துடைப்பதுபோல் நின்றாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. கல் காய்ந்து கிடந்தது. மாவு என்று ஒரு பொட்டு இல்லை.

பொற்கொடி அந்தக் காய்ந்த கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த மாசம் முழுக்கப் போட்டுப் போட்டுப் பாத்தேம்மா" என்றாள் ஆவுடை. "அந்த மெஷினுக்குக் கேக்கவே இல்ல. இன்னைக்கு எம் புள்ளைக்குக் கேட்டுட்டுது."

"அண்ணாச்சிக்குத் தெரியுமாக்கா?"

"அவியளுக்கா? அவிய மெஷினைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும். தெரிஞ்சா நேர்மை, நாயம்னு ஆரம்பிச்சிருவாவ. நான் எண்ணுல கைய வச்சேனா? நேரத்துலதான வச்சேன்."

கடையிலிருந்து குற்றாலிங்கத்தின் குரல் கேட்டது. "பொற்கொடியம்மா, சென்னைக்குப் போயும் இந்த மெஷின் குணம் மாறலியே. அந்தப் பலகையைக் கழட்டிர வேண்டியதுதான்."

"கழட்டிடுங்க அண்ணாச்சி" என்றாள் பொற்கொடி.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஆவுடை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். ஒரு பெண் தலையைக் குனிந்தபடி வந்தாள், எதிர்ப்பக்கம் வீட்டாரோடு ஒரு பையன் மிரள மிரள விழித்துக்கொண்டு நின்றான். போன வாரம் நாலு வந்து, அப்பா கையைப் பிடித்து இழுத்துப்போன அதே பெண். அவள் அப்பா குற்றாலிங்கத்திடம், "இவ சோறு திங்க மாட்டேங்கா. இன்னொரு தடவை போட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆவுடை பாலை அடுப்பில் ஏற்றினாள். பிறகு கிரைண்டரின் சுவிட்சைப் போட்டாள்.